பெயர் மறைத்த பெட்டிகள்

அன்று மழை பெய்தது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா, "இல்லை" என்கிறாள். நல்ல வெயில், நாங்கள் கூடிய மண்டபத்துக்குக் கீழே புடவைக் கடைக்காரர் வெயிலுக்கு மறைப்பாகப் படங்கை இறக்கி விட்டிருந்தார் என்கிறாள். அத்தானிடம் கேட்டால், "ரெண்டும்தான்" என்று சிரிக்கிறார். கண்டியில் அதுவும் நடக்கக்கூடியதுதான்.

மழை போகட்டும். யார் என்ன சொன்னார்கள் என்பதிலும் என் ஞாபகத்தை நான் முழுதாக நம்பவில்லை. பேசிய வார்த்தைகளைவிட, ஒருவரும் பேசாமல் இருந்த நேரங்களே எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. இடையில் உள்ளதை இட்டு நிரப்பித்தான் எழுதுகிறேன். அக்கா படித்துவிட்டுத் திருத்தினால் திருத்தட்டும்.

சென்ற வாரம், அத்தான் தனபாலன் சுருட்டிய துணிப் பதாகை ஒன்றைக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் சாத்தியதையும், அக்கா கமலாசனி அதைக் கண்டும் காணாதவள்போல் சோறு போட்டதையும் எழுதியிருந்தேன். இது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு தொண்ணூற்றெட்டு. புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நகரம் அப்போதும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா கண்டி கணினிப் பாவனையாளர் வட்டத்தின் செயலாளர். சம்பளமில்லாத வேலை. அத்தான் கணினி விற்கும் ஒரு கம்பனியில் விற்பனை அதிகாரி. அந்தக் கம்பனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. வட்டத்தின் பழக்கம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை.

அந்தப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு யார் எந்தக் கணினியைக் கொண்டுவந்தாலும், அதைச் செய்த கம்பனியின் பெயர் இருக்கும் இடங்களில் மண்ணிறக் கடதாசி ஒட்டி மறைத்துவிடுவார்கள். முன்னொரு முறை யாரோ கொண்டுவந்த அச்சு இயந்திரத்தைப் பார்த்துச் சிலர் அதே வகையில் வாங்கிவிட, "செயலாளரின் புருஷன்ரை கம்பனி வித்தது" என்று கதை வந்தது. உண்மையில் அது வேறு கம்பனி. ஆனாலும் அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் ஏக்கநாயக்க, பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு உறை போடும் கடதாசியும் பசையும் கொண்டுவந்தார். இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். "யாரும் எங்களிடம் எதை வாங்குவது என்று கற்கக் கூடாது, எப்படிப் பாவிப்பது என்றுதான் கற்க வேண்டும்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே தன் கையால் ஒட்டினார்.

இரண்டாவது பழக்கம், வெளியே படிக்கட்டு முடியும் இடத்தில் போட்டிருந்த வாங்கு, நீளமான மர இருக்கை. பேசப்படும் விசயத்தில் யாருக்காவது சொந்த லாபமோ நட்டமோ இருந்தால், அவர் எழுந்து போய் அந்த வாங்கில் இருக்க வேண்டும். நாவலப்பிட்டியில் அச்சுக்கூடம் வைத்திருந்த அழகமுத்து அதற்கு "லாப வாங்கு" என்று பெயர் வைத்திருந்தார்.

அன்று பேசப்பட இருந்தது அத்தானின் கம்பனி. வட்டம் கூடிய மண்டபத்தின் சொந்தக்காரர், பலரும் பெட்டிகளோடு வந்து போவதைப் பார்த்துப் பயந்து, மாத முடிவோடு வேறிடம் பார்க்கச் சொல்லிவிட்டார். கம்பனி இடம் தரத் தயாராக இருந்தது. புதிய கணினிகள், தொலைபேசி இணைப்பு, மின்விசிறி எல்லாம் சேர்த்து. பதிலுக்கு வட்டத்தின் பெயருக்கு முன்னால் கம்பனியின் பெயர். வட்டம் மாதமொருமுறை பழுதான கணினிகளை இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் நாளில் கம்பனியின் ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பார். அவ்வளவுதான்.

வட்டம் சம்மதித்தால், அந்தப் புதிய இடத்துக்குப் பொறுப்பாக அத்தான் கண்டியிலேயே இருப்பார். சம்மதிக்காவிட்டால் கொழும்புக்கு மாற்றம். பொலிஸ் பதிவு, தெருச் சோதனை, எந்த நேரமும் தட்டப்படக்கூடிய அறைக் கதவு. அந்த ஆண்டில் ஒரு தமிழன் கொழும்பில் தனியே இருப்பதென்றால் அதுதான்.

காலையில் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே அத்தான், "பனரையும் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார், அலுமாரிப் பக்கம் பார்த்தபடி.

"வோட்டு முடிய முதல் அதை உள்ளுக்குக் கொண்டுவரக் கூடாது," என்றாள் அக்கா.

"வானுக்குள்ள வைப்பன்."

"வான் ஆற்ரை?"

"கம்பனியின்ரை."

"அப்ப வானைக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்கோ."

அத்தான் என்னைப் பார்த்தார். "பத்மா, உன்ரை கொக்கா இப்பிடியெண்டு கலியாணத்துக்கு முதல் ஒருத்தரும் சொல்லேல்லை."

"சொன்னாலும் கட்டியிருப்பியள்," என்றேன்.

"ஓம். அதுதான் பிழைச்சுப் போச்சு."

அக்கா சிரிக்கவில்லை. சம்பலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வட்டத்தை நான் வியந்து பார்த்ததுண்டு. அழகமுத்து தன் கணினியைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவருவார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவிழ்த்துக் காட்டி, மறுபடி சுற்றிக் கட்டுவார். மடுல்கெல்ல தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு யாரோ தானமாகக் கொடுத்த கணினி உயிர் பெறவில்லை. புதிது வாங்கத்தான் வேண்டும் என்று நகரத்தில் கைவிரித்துவிட்டார்கள். அக்காவும் ஏக்கநாயக்கவும் பஸ் ஏறிப் போய்த் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு பலகை இடம் விலகியிருந்தது. அழுத்தி விட்டதும் வேலை செய்தது. அதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. அக்கா அன்று வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, வேறொன்றும் பேசாமல், நெடுநேரம் சந்தோசமாக இருந்தாள்.

வெளியே ஒவ்வொருவரும் மற்றவரின் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு கணம் தயங்கிய காலம் அது. அந்த மண்டபத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே திரையில் தலைகளை முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் அதை ஒற்றுமை என்று சொல்லிக்கொள்ளவில்லை. கணினி வேலை செய்யவில்லை என்பதுதான் அவர்களுடைய கவலை.

கூட்டம் தொடங்கியதும் ஏக்கநாயக்க கண்ணாடிக்கு மேலால் அக்காவைப் பார்த்தார். அக்கா தானாகவே எழுந்தாள். அத்தானும் எழுந்தார். புருஷனும் பெண்சாதியும் ஒருவர் பின் ஒருவராகப் போய் லாப வாங்கில் இருந்தார்கள். விதியில் மைத்துனி பற்றி ஒன்றும் இல்லாததால் நான் உள்ளேயே இருந்தேன்.

பேச்சு சரிசமமாகத்தான் போனது. கலகெதரையில் ஆசிரியையாக இருந்த பாயிஸா, "இடமே இல்லாம நடுநிலைய எங்க வச்சிக்கிற? தலையிலயா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஒரு பொலிஸ் அதிகாரியும் கூட இரண்டு பேரும். பெட்டிகள் மேலே போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எல்லோரையும் இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த கணினிகளைப் பார்த்தார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. குனிந்து பின்பக்கமும் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"இவற்றின் பெயர் எங்கே? இலக்கம் எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பாரபட்சம் வேண்டாம் என்று ஒட்டிய கடதாசி, களவுப் பொருளின் அடையாளத்தை மறைத்ததுபோல் இருந்தது. ஏக்கநாயக்க வலு கவனமான ஆள். இலக்கத்தை வைத்தும் கம்பனியைக் கண்டுபிடிக்கலாம் என்று, அதையும் விடாமல் ஒட்டியிருந்தார்.

"எந்தக் கம்பனிக்கும் சாதகமாக இருக்கக் கூடாது என்பதற்காக," என்று ஏக்கநாயக்க விளக்கினார்.

"சரி. உங்களுக்கு யார் செலவு செய்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

"இந்த மனிதர்களுக்குச் சம்பளம்?"

"இல்லை."

"அப்படியென்றால் ஏன் வருகிறீர்கள்?"

மண்டபம் அமைதியாகியது. அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. வெருட்டல் இல்லாத, நேர்மையான கேள்வி அது. வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அதற்கு விடை தெரியவில்லை. அழகமுத்து தன் சாக்கைப் பார்த்தார். பாயிஸா தன் கைகளைப் பார்த்தார்.

அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். விவேகானந்தனின் அட்டையில் விலாசம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. அவர் கண்டியில் அறையெடுத்துத் தங்கி, கணக்குப் படிப்பித்த இளம் ஆசிரியர். எங்கள் தமிழ் எழுத்துகளைத் திரையில் வரவழைத்தவர் அவர்தான். அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

"நீர் எங்களோடு வாரும்."

நான் யன்னல் ஓரம் இருந்தேன். கீழே தெருவில் அத்தான் வேகமாக நடந்து போவது தெரிந்தது. போகிறார் என்று நினைத்தேன். எங்களை விட்டுவிட்டுப் போகிறார். ஒரு நிமிடம் அவரை வெறுத்தேன். பிறகு அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது.

சற்று நேரத்தில் அவர் மூச்சு வாங்கக் கதவில் நின்றார். தோளில் பதாகை.

"மன்னிக்க வேண்டும் சேர், தாமதமாகிவிட்டது," என்று நல்ல சிங்களத்தில் தொடங்கினார். "இது எங்கள் கம்பனியின் கருத்தரங்கு." தன் விசிட்டிங் காட்டை நீட்டினார். பதாகையின் ஒரு நுனியை என்னிடம் தந்து விரித்தார். சிவப்பு எழுத்துகளில் கம்பனியின் பெயர் சுவர் முழுக்க நின்றது.

அதிகாரியின் தோள் தளர்வதைக் கண்டேன். விற்பனை என்றால் அவருக்கு விளங்குகிறது. "அப்படியானால் இந்தக் கடதாசி?"

"புது மொடல்கள் சேர். அறிமுகம் செய்யும் நாள் வரைக்கும் பெயரைக் காட்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு."

"இவர்?"

"எங்கள் பயிற்சியாளர். நான் பொறுப்பு."

அதிகாரி யோசித்தார். அத்தானின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை அத்தானே விவேகானந்தனை நிலையத்துக்குக் கூட்டிவந்து பதிய வேண்டும் என்றார். கம்பனியோடு பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். பிறகு சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போனது.

முதலில் பேசியவர் அழகமுத்து. "புது மொடலாம்! எம்பொட்டிக்கு எட்டு வயசுங்க. எலி உள்ள குட்டி போட்டிருக்கு."

சிரித்தோம். சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். அக்கா கதவருகில் நின்றாள். உள்ளே வரவில்லை. விதி இன்னும் முடியவில்லை.

பாயிஸாதான் முதலில் எழுந்தார்; அத்தானை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். "இனி என்னத்த பேசுற? இந்த பனர் அப்படியே தொங்கட்டும். நாளைக்கி பொலிஸில கேட்டா, கம்பனி எங்கட கம்பனி எண்டு சொல்லலாம். தனபாலன் நானா சொன்ன பொய், நாங்க கை தூக்கினா உண்மையாகிடும். விவேகானந்தன் மாஸ்டரும் தப்பிடுவார்."

யாராலும் அதை மறுக்க முடியவில்லை. ஏக்கநாயக்ககூடத் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் வென்றுவிட்டார் என்று நினைத்தேன். அவர் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

அத்தான் பதாகையைச் சுருட்டத் தொடங்கினார்.

"இதை வச்சு வோட்டுப் போடாதேங்கோ," என்றார். "நான் பொலிசுக்குச் சொன்னது பொய். பொய்யைச் சொல்லிப்போட்டு அதுக்கு வோட்டுக் கேக்க ஏலாது. இன்னொண்டு. திருத்துற நாளில கம்பனி ஆள் ஒருத்தர் இருப்பார் எண்டு எழுதியிருக்கெல்லே? அந்த ஆள் சும்மா இருக்க வரமாட்டார். 'இது இனித் திருந்தாது, புதுசு எடுங்கோ' எண்டு சொல்லத்தான் வருவார். விக்கிற ஒவ்வொண்டுக்கும் அவருக்கு ஒரு பங்கு. அந்த ஆள் நான்தான்."

ஏக்கநாயக்க தலையை நிமிர்த்தினார்.

"மடுல்கெல்லப் பள்ளிக்கூடத்துக்கு அண்டைக்கு நான் போயிருந்தால் புதுசு வித்திருப்பன்," என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் வாங்கில் இருந்தார்.

என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. விதியில் மைத்துனி இல்லைதான். ஆனால் அவர் கண்டியில் இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பது எனக்குத் தெரியும். எழுந்து போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

எனக்குப் பின்னால் விவேகானந்தன் வந்தார். உள்ளே திரும்பி, "எனக்காக ஒருத்தரும் கை தூக்க வேண்டாம். எனக்கும் இதில லாபம் இருக்கு, நானும் வெளியில இருக்கிறன்" என்றார். வாங்கின் ஓரத்தில் இடம் போதாமல் படியில் இருந்தார்.

"இப்படியே போனா வோட்டுப் போட கதிரைங்கதான் மிஞ்சும்!" என்று உள்ளிருந்து அழகமுத்துவின் குரல் கேட்டது. பிறகு கதவு சாத்தப்பட்டது.

எங்கள் வட்டத்தில் கையை உயர்த்தித்தான் வாக்களிப்பது. கை உயர்த்துவதற்குச் சத்தமில்லை. ஆகவே வெளியே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே புடவைக் கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கலாம்போல் இடைவெளி. இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்தார்கள்.

நெடுநேரத்துக்குப் பிறகு அக்கா, "கொழும்பில எங்கை தங்குவியள்?" என்று கேட்டாள்.

"வோட்டு இன்னும் முடியேல்லை."

"முடிஞ்சுது."

அத்தான் தலையசைத்தார். "வெள்ளவத்தையில ஒரு சிநேகிதன் இருக்கிறான்."

"வெள்ளிக்கிழமையில ரயில் பிடிச்சு வரலாம்."

"வரலாம்."

பிறகு அக்கா, "அந்தப் பங்குக் கதையை ஏன் சொன்னீங்கள்? அதை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாள்.

"நீர் கேட்டிருப்பீர். வீட்ட போய்க் கேட்டிருப்பீர். அங்க ஒராளுக்குச் சொல்லுறதை இங்க எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

அக்கா நகர்ந்து அந்த இடைவெளியில் இருந்தாள். பொது இடத்தில் அவள் அப்படி இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. விவேகானந்தன் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவு திறந்தது. ஏக்கநாயக்க நின்றார். எத்தனைக்கு எத்தனை என்று சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உள்ளே வா நங்கி," என்றார் அக்காவிடம், தங்கையைக் கூப்பிடுவதுபோல். "இனி நாங்கள் இடம் தேட வேண்டும்."

அத்தானிடம் வந்தார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திங்கட்கிழமை அத்தானே முகாமையாளரிடம் முடிவைச் சொன்னார். அடுத்த மாதம் கொழும்புக்குப் போனார். சமாதானம் பேசத் தொடங்கிய காலம் வரைக்கும் வெள்ளிக்கிழமை ரயில்தான் எங்கள் குடும்பம். இப்போது அக்காவும் அவரும் கட்டுக்கலையில் அதே வீட்டில் இருக்கிறார்கள். அவர் எதையும் விற்பதில்லை. வட்டம் கட்டுகஸ்தோட்டையில் ஏக்கநாயக்கவின் வாகனக் கொட்டிலிலும், கலகெதரையில் பாயிஸாவின் வாப்பாவுடைய வெறுமையான கடையிலும், நாவலப்பிட்டி அச்சுக்கூடத்திலும் மாறி மாறிக் கூடியது. எந்த இடத்திலும் எவருடைய பெயரும் தொங்கவில்லை. வீட்டுக்கு வீடு கணினி வந்த பிறகு, சண்டை சச்சரவு இல்லாமல் தானாக நின்றது. ஏக்கநாயக்க காலமாகிவிட்டார். பாயிஸா அதிபராக ஓய்வு பெற்றார். அழகமுத்துவின் அச்சுக்கூடத்தை இப்போது மகள் நடத்துகிறாள்.

விவேகானந்தனைப் பற்றிச் சொல்வதுதான் மிச்சம்.

அந்தத் திங்கட்கிழமை, கம்பனிக்குப் போக முதல், அத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். சொன்ன பொய்க்குப் பின்னால் இப்போது எந்தக் கம்பனியும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். விவேகானந்தன் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அக்கா இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

மத்தியானம் அத்தான் தனியே வந்தார்.

"அவர் எங்கை?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "அவரை மறிச்சு வைச்சிட்டாங்கள்," என்றார்.